ஏழாலைக் கொட்டிலில் இருபது வருடமாக நிற்கும் ஏ40: எடுக்கலாமா?

இணுவில் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பழைய கார் எடுத்து ஓட வேண்டும் என்பது எனக்குப் பத்து வருட ஆசை. இப்போது ஒரே கிழமையில் இரண்டு கார்கள் கண்ணில் பட்டிருக்கின்றன.

முதலாவது மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு. நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் போட்டிக்கோவில் நிற்கிறது. பச்சைப் பெயின்ற் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆறு வருடமாக ஓடவில்லை, பற்றறி போட்டால் ஸ்ரார்ட் வந்துவிடும் என்கிறார் விற்பவர்.

இரண்டாவது ஒஸ்ரின் ஏ40 சோமர்செற். ஏழாலையில் ஓலைக் கொட்டிலுக்குள், நாலு மூலையிலும் கல் அடுக்கி, சில்லு நிலத்தில் படாமல் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஹயர், அதாவது வாடகைக்கு ஓடிய கார். ஓடிய ஐயாவுக்குக் கண் மங்கியதும் 2004இல் நிறுத்தியது. பிறகு ஐயாவும் போய்விட்டார். பின் சீற்றில் கோழி அடை கிடந்த அடையாளம் இருக்கிறது. ஒரு பக்கக் கதவு உறையைக் கறையான் தின்றுவிட்டது. விலை மைனரின் பாதி கூட இல்லை. வீட்டு அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: கழற்றிப் பாகம் பாகமாக விற்கக்கூடாது.

மனம் மைனரில் நிற்கிறது. ஆனால் ஏ40ஐப் பார்த்துவிட்டு வந்த இரவு நித்திரை வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பாய் கராச்

தம்பி, பெயின்றைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் காரின் அடிப்பக்கம், பிறகு பதிவுப் புத்தகம், அதன் பிறகுதான் எஞ்சின். எஞ்சினைக் கடைசியில் பார்த்தால் போதும். எஞ்சினைத் திருத்தலாம், காரைத் தாங்கும் அடிச்சட்டமான செசி உக்கினால் பணம் குடிக்கும்.

மைனருக்குத் தனிச் செசி கிடையாது. பொடி, அதாவது தகரக் கூடுதான் செசி. ஆகவே தகரம் உக்கினால் காரே உக்கியது மாதிரி. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழே உள்ள பட்டை, சில்லுக்கு மேல் வளைவு, முன் மட்காட்டின் பின்பக்கம், இந்த இடங்களில் பிடித்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். அப்புறம் கார்ப்பெற்றைத் தூக்குங்கள். மைனரில் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், அடிச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அந்த இடம் ஈரம் பிடித்து உக்கும். பின் ஸ்பிறிங் மாட்டும் இடத்தையும் ஒரு ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

இன்னொன்று. மைனரின் முன் சில்லு ஒரு திருகுப் பூட்டில் தொங்குகிறது. அதை ட்ரனியன் என்போம். கிறீஸ் அடிக்காமல் விட்டால் அந்தத் திருகு தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து விழும். ஜக் போட்டுத் தூக்கி, சில்லை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

சோமர்செற் வேறு சாதி. அதற்குத் தனிச் செசி இருக்கிறது, பொடியை அதன் மேல் போல்ற் போட்டு இருத்தியிருப்பார்கள். கதவு உறையைக் கறையான் தின்றது ஒரு விசயமே இல்லை. கறையான் இரும்பு தின்னாது. கல்லில் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்றீர்களே, அதைச் செய்தவருக்குக் கார் தெரிந்திருக்கிறது. அடியில் படுத்துப் பாருங்கள்.

லண்டன் கொக்குவிலான்

கோப்பாய் அண்ணை சொன்னதற்கு மறுப்பு இல்லை. ஆனால் சாமான் விசயத்தையும் யோசியுங்கள். மைனர் 1948 முதல் 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்த கார். இங்கிலாந்தில் இன்றைக்கும் ஒரு வாசர் முதல் முழு மட்காட் வரை புதிதாக வாங்கலாம். சோமர்செற் 1952 முதல் 1954 வரைதான் வந்தது. எண்ணிக்கை மைனரில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. பிறேக் றப்பர், கஸ்கற், பெயாறிங் தேடினால் கிடைக்கும். கண்ணாடி, குறோம் பட்டை, விளக்கு வளையம் என்றால் இன்னொரு காரிலிருந்து கழற்றியதுதான். ஆகவே சோமர்செற் எடுப்பதானால் ஒரு சாமானும் குறையாத காரா என்று பாருங்கள். கொட்டில் மூலையில் கிடக்கும் தகரப் பெட்டிகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பழைய ஹயர்காரர்கள் எதையும் எறிந்ததில்லை.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 ஆக இருந்தால் கதை வேறு. அதன் 1489 சீசீ எஞ்சினைத்தான் இந்தியாவில் அம்பாசடருக்கும் போட்டார்கள். சாமான் கடல் தாண்டினால் போதும். ஏ40 சோமர்செற்றின் 1200 சீசீ எஞ்சின் அதற்கு முந்தியது. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் பொருந்தாது.

பருத்தித்துறை மகள்

தொழில் தெரிந்த ஆள் இல்லை நான். என் அப்பா ஏ40 ஓடியவர், பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஹயர். அதனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தம்பி, அந்தக் கார் எத்தனை வருடம் மண்ணெண்ணெயில் ஓடியது என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

1990க்குப் பிறகு போரால் பெற்றோல் தடையாகிவிட்டது. கள்ளமாக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில் விலைப்பட்டது. அப்பா காலையில் காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோலை விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றும் ஹாண்டிலைப் போட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். இடையில் நின்றுபோனால் திரும்ப எழுப்பப் பெற்றோல் வேண்டும் என்பதால், ஆட்களை இறக்கும்போது கூட எஞ்சினை நிறுத்த மாட்டார். அந்தப் புகை மணம் எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலும் ஏறியிருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாங்கள் இரண்டு குடும்பம், பாட்டிமாரோடு, அந்தக் காரில்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். கடந்தோம் என்பதை விட, சனத்தோடு சனமாக ஊர்ந்தோம். விடியும் வரை எஞ்சின் சூடேறி ஏறி இறங்கியது, ஆனால் கைவிடவில்லை.

அந்தக் கார் வன்னியில் போய்விட்டது. ஆகவே ஏழாலைக் காரைப் பற்றி வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மானிப்பாய் லேத்

அக்கா கேட்ட கேள்விதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினைத் திறக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். நாற்பது எஞ்சினாவது என் மேசைக்கு அப்படி வந்திருக்கும்.

முதலில் ஏன் ஏ40 அந்தக் காலத்தைத் தாங்கியது என்பது. அதன் கொம்பிறசன், அதாவது எரிபொருள் கலவையைச் சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதம், 7.2க்கு 1. குறைவு. மண்ணெண்ணெய் எளிதில் தானாகப் பற்றி அடிக்கும் எண்ணெய். கொம்பிறசன் கூடிய எஞ்சினில் விட்டால் பிஸ்ரன் தலையில் சுத்தியலால் அடித்தது போலக் கேட்கும். குறைந்த எஞ்சின் பொறுத்துப் போகும். பழைய பேர்குசன் உழவு இயந்திரத்திலும் இதே முறையில், பெற்றோலில் எழுப்பிச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின் ஒன்றைக் கொம்பனியே செய்து விற்றது. நம் ஆட்கள் அதைத் தாங்களாகவே காருக்குச் செய்தார்கள்.

கெடுதி எங்கே என்றால், மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே, ஒயில் நிற்கும் தட்டான சம்புக்குள் இறங்கும். ஒயில் அளவுகோலில் ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு போனால் சந்தோசப்படக் கூடாது, அது மண்ணெண்ணெய். ஒயில் தண்ணீராகிப் பெயாறிங் தேயும், பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் தேயும், வால்வைச் சுற்றிக் கரி கட்டும். ஆகவே சம்பைக் கழற்றாமல் அந்த எஞ்சினை ஒருபோதும் ஸ்ரார்ட் எடுக்காதீர்கள். அடியில் தார் மாதிரிக் கூழ் கிடக்கும். அது ஒயில் பம்பின் வலையை அடைத்தால் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் போய்விடும்.

சங்கானை ரைடர்

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு நிசான் எஞ்சினும் கியர் பொக்சும் இறக்கிவிட்டால் ஏசியும் போடலாம், கொழும்புக்கும் போய் வரலாம். என் மாமாவின் மைனருக்கு அப்படித்தான் செய்தோம். பத்து வருடமாகப் பிரச்சினை இல்லை.

கோப்பாய் கராச்

ரைடர் தம்பி, உங்கள் மாமாவின் கார் ஓடுவது நல்ல விசயம். ஆனால் இந்தக் காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் இலக்கம் மாறும், அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். இரண்டாவது, வேகம் கூடும், பிறேக் அதே 1953ஆம் ஆண்டு பிறேக். மூன்றாவது காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அந்த எஞ்சின் இந்த மண்ணில் முப்பது வருடத்துக்கு மேல் சனத்தை ஏற்றி இறக்கியது. செத்துப்போயிருந்தால் வேறு பேச்சு. செத்ததா என்று பார்க்காமலே கழற்றி எறிய எனக்குக் கை வராது.

இணுவில் தம்பி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டையும் பார்த்தேன்.

மைனரில் காந்தம் கதவுக் கீழ்ப்பட்டை முழுவதும் ஒட்டவில்லை. கார்ப்பெற்றின் கீழே புதிய தகரத்தைப் பழைய உக்கலின் மேல் ஒட்டுப் போட்டிருந்தது. ஸ்குறூ டிறைவர் தொட்டதும் உள்ளே போனது. விற்பவர் கோபப்பட்டார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஏ40 அடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். செசி முழுவதும் பழைய ஒயிலும் புழுதியும் சேர்ந்து விரல் தடிப்பில் அப்பிக்கிடக்கிறது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பெயின்ற்! கறள் பின் பம்பர்ப் பக்கம் மட்டும்தான். கொக்குவில் அண்ணை சொன்னது போலவே மூன்று தகரப் பெட்டி, உள்ளே காபரேற்றர் ஜெற், இரண்டு டைனமோ, கண்ணாடி ஒன்று. மண்ணெண்ணெயில் எட்டு வருடம் ஓடியதாம். ஐயா இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுவாராம், அதற்காகவே அம்மா சண்டை பிடித்தாவாம்.

புத்தகம் ஐயாவின் பெயரில்தான். இலக்கத் தகட்டில் இருப்பது ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து. செசி இலக்கமும் புத்தகமும் ஒத்துப் போகின்றன.

லண்டன் கொக்குவிலான்

எடுங்கள். யோசிக்காதீர்கள். ஆனால் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கையெழுத்து வைத்த வெறும் படிவத்தை வாங்கி வைத்திருக்கும் பழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. உரிமையாளர் இறந்த காருக்கு அது உதவாது. ஐயாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவும் பிள்ளைகளும் சம்மதித்த கடிதங்கள், இவற்றை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் இப்போதே கதையுங்கள். 2004க்குப் பிறகு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை என்றால் நிலுவை என்ன என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அதையும் விலைக்குள் சேர்த்துப் பேசுங்கள்.

மானிப்பாய் லேத்

கார் வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியதை விட, செய்யக் கூடாததை முதலில் எழுதுகிறேன். பற்றறி போட்டுத் திறப்பைத் திருப்பாதீர்கள். சில வருடத்துக்கு முன்னர் ஒரு கராச்சில் இப்படி நின்ற காருக்குப் புதுப் பற்றறி போட்டு ஸ்ரார்ட்டரை அடித்தார்கள். சிலிண்டரில் கறளோடு ஒட்டியிருந்த றிங் உடைந்து சுவரைக் கீறியது. கார் என்னுடையது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்ரன் தேடி, ஒரு வருடம் போனது.

நாலு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். துணியால் மூடிவிட்டு ஒரு கிழமை மறந்துவிடுங்கள். நடுவில் ஒரு தடவை இன்னும் கொஞ்சம். பிறகு முன் ஹாண்டிலைப் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். காலால் மிதிக்காதீர்கள், குழாய் மாட்டி நீட்டாதீர்கள். அசையாவிட்டால் இன்னொரு கிழமை.

அசைந்த பிறகு மேல் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று இறுகியிருந்தால் தள்ளுகோல் வளைந்துவிடும். பற்றறி மாட்டும் நாளில் ஒரு நினைப்பு: இந்தக் கார்களில் நேர் முனைதான் பொடிக்கு. இப்போதைய கார் பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

தண்ணீர்ப் பாதையை மறக்காதீர்கள். நம்முடைய நிலம் சுண்ணாம்புக்கல். வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும் கிணற்றுத் தண்ணீர் என்ன செய்யும் என்று. எஞ்சினுக்குள்ளும் அதே வெள்ளைக் கட்டிதான், அதோடு கறள். பிளொக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகடுகளைக் கழற்றி, வளைந்த கம்பியால் சுரண்டி எடுங்கள். இனிமேல் மழைத் தண்ணீர் அல்லது கடையில் விற்கும் வடித்த தண்ணீர் மட்டும் விடுங்கள். ஏ40 சூடாகிறது என்று சொல்லிக் கைவிட்ட பலருடைய கார்களில் குற்றம் எஞ்சினில் இல்லை, கிணற்றில்தான் இருந்தது.

இணுவில் தம்பி

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். பெயர் மாற்றம் முடிந்தது. மகன் கனடாவில், மகள் மட்டக்களப்பில். இருவரும் ஒத்துழைத்தார்கள்.

காரை இழுக்காமல் லோறியில் ஏற்றி வந்தோம். ஒன்பதாவது நாள் ஹாண்டில் கால் சுற்று அசைந்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது, பழைய கிணற்றுக் கப்பி சுற்றுவது போல ஒரு முனகல். அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை. பன்னிரண்டாவது நாள் முழுச் சுற்று. மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு இறுகியிருந்தது. ஒயில் விட்டு மரக் கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி இரண்டு மாலை வேலை.

சம்பில் லேத் அண்ணை சொன்ன கூழ் இருந்தது, ஆனால் விரல் அளவுதான். பெயாறிங் நல்லது. ஐயா சண்டை பிடித்து மாற்றிய ஒயில் அவரது காரைக் காத்திருக்கிறது.

பெற்றோல் ராங்கைக் கழற்றிக் கூழாங்கல் போட்டுக் குலுக்கினேன். கோப்பி நிறத்தில் பிசின் வந்தது. அதைக் காரில் மாட்ட இன்னும் பயம். ஒரு சின்னப் போத்தலைக் கயிற்றில் தொங்கவிட்டு, றப்பர்க் குழாயால் காபரேற்றருக்கு விட்டேன். பிளக் இல்லாமல் நிறையச் சுற்றி, மேலே வால்வுப் பக்கம் ஒயில் வந்து நனைவதைப் பார்த்த பிறகுதான் பிளக் போட்டேன். பிளக்கின் பொறியைக் கட்டுப்படுத்தும் பொயின்றைச் சீலைத் தாளால் துடைத்தேன், கொண்டென்சர் புதிது.

ஏழாலை அம்மாவையும் கூட்டி வந்திருந்தேன். நாலாவது ஹாண்டிலுக்குப் பிடித்தது. வெள்ளைப் புகை வளவு முழுவதும். இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். அம்மா அழவில்லை. முன் மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்கிறது, அது அவருக்குப் பிடிக்காத சத்தம், பாருங்கோ தம்பி என்றார். பார்த்தேன். வால்வு இடைவெளி ஒன்று அகன்றிருந்தது.

பருத்தித்துறை மகள்

இதை மூன்று தடவை வாசித்தேன். அம்மாவை முன் சீற்றில் இருத்தி ஒரு படம் எடுத்து அவரிடமே கொடுங்கள். எங்கள் காருக்கு ஒரு படம் கூட இல்லை.

கோப்பாய் கராச்

தம்பி, எஞ்சின் பிடித்துவிட்டது என்று வீதியில் ஏற்றிவிடாதீர்கள். மிகப் பெரிய ஆபத்து இப்போதுதான். நாலு சில்லு சிலிண்டரும் இறுகியிருக்கும், றப்பர் எல்லாம் மாற்ற வேண்டும். பிறேக் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி ஒருவழிக் கதவு மாதிரி ஆகியிருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. பெயின்றுக்கு வைத்திருக்கும் காசை இப்போது இதற்குக் கொடுங்கள். பெயின்ற் அடிக்கவே வேண்டாம் என்பது என் விருப்பம், அந்தக் கறுப்பை மெழுகு போட்டுத் துடைத்தால் போதும்.

ரயரும் அப்படியே. பழைய ரயர் வெடிப்பு இல்லாமல் இருந்தாலும் றப்பர் கல்லாகியிருக்கும். புதிதென்று சொல்லி யாராவது தந்தால், ஓரத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கமும் ரயர் செய்த கிழமையைச் சொல்லும், அடுத்த இரண்டும் வருடத்தைச் சொல்லும்.

லண்டன் கொக்குவிலான்

5.25க்கு 16 அளவு ரயர் இங்கே இருக்கிறது. என் பெட்டிகள் அடுத்த மாதம் கப்பலில் வருகின்றன. பிறேக் றப்பர் செற், மூன்று குழாய், கதவு றப்பர், எல்லாவற்றையும் ரயரோடு சேர்த்துப் போடுகிறேன். காசைப் பிறகு கணக்குப் பார்ப்போம்.

இணுவில் தம்பி

அண்ணை, என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றி. பெயின்ற் அடிக்க மாட்டேன்.

இன்றைக்கு ஒரு சின்ன விசயம். கதவுத் தூணுக்குள் ஒளிந்திருக்கும் கைகாட்டி, திரும்பும்போது வெளியே நீளுமே, அதற்குப் பற்றறி கொடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு தடவை துடித்து, நின்று, மெல்ல வெளியே வந்தது. உள்ளே செம்மஞ்சள் விளக்கு கூட எரிந்தது. வலது பக்கம் அசையவில்லை, குளவிக் கூடு. நாளைக்குக் கழற்றுகிறேன். பிறேக் சாமான் வந்து வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் ஏழாலைக்குத்தான்.